ஏரியில் பாக்டீரியா ஊற்றும் முன்: ஏரி மீட்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏரி மீட்புக் குழுவினருக்கும், அந்தத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

பச்சை படிந்து நாற்றமெடுக்கும் ஏரிக்கு "நல்ல பாக்டீரியா" ஊற்றினால் போதும் என்ற திட்டம் உங்கள் மேசைக்கு அடிக்கடி வருகிறது. பீப்பாயில் திரவமாக வரும், பொடியாக வரும், மண்ணில் பிசைந்து உருண்டையாகவும் வரும். தூர் வார வேண்டாம், கழிவுநீர் வாய்க்காலை அடைக்க வேண்டாம், அதற்காக யாரிடமும் சண்டை போடவும் வேண்டாம். கரையில் பத்துப் பேர் வரிசையாக நின்று உருண்டை வீசினால் படமும் நன்றாக வரும். இப்படி ஒரு கோப்பில் கையெழுத்திடுகிறவர் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: ஓர் ஏரியில் எந்தப் பாக்டீரியா நிலைக்கும், எது அழியும் என்பதை எது தீர்மானிக்கிறது? ஏரி நுண்ணுயிர் ஆய்வுத் துறையில் இதற்குக் கணிசமான விடை கிடைத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவற்றை நீங்களே திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

முதலில் எளிய கணக்கு. சாதாரண ஏரித் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். கழிவு சேர்ந்த ஏரியில் இன்னும் அதிகம். 50 ஹெக்டேர் பரப்பும் சராசரியாக 2 மீட்டர் ஆழமும் உள்ள ஏரியில் 100 கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் நீங்கள் 1,000 லிட்டர் திரவம் ஊற்றுகிறீர்கள். மில்லிலிட்டருக்கு 100 கோடி உயிரணு இருப்பதாக விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்போதும் ஏற்கெனவே ஏரியில் உள்ள கூட்டத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஊற்றியது அங்கே பிழைத்துப் பெருகினால்தான் பயன்.

அங்கே குடியிருப்பவை எவை என்பதே வெகுகாலம் சரியாகத் தெரியவில்லை. ஆய்வகத் தட்டில் ஊட்டம் வைத்து வளர்த்தால், நுண்ணோக்கியில் தெரியும் உயிரணுக்களில் நூற்றில் ஒன்றுகூட முளைப்பதில்லை. ஸ்டேலி, கொனோப்கா என்ற நுண்ணுயிரியலாளர்கள் 1985-இல் இந்த முரணை எடுத்து எழுதினார்கள். தண்ணீரிலிருந்து நேரடியாக மரபணுவைப் படிக்கும் முறை வந்த பிறகு படம் தெளிந்தது. கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் நன்னீர் ஏரிகளில் அதே சில குடும்பங்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. ஆக்டினோபாக்டீரியாவில் 'ஏசிஐ' என்ற கிளை சில ஏரிகளில் மொத்தக் கூட்டத்தில் பாதிக்கும் மேல் போகும். லிம்னோஹாபிட்டன்ஸ், பாலிநியூக்ளியோபாக்டர், ஃபிளேவோபாக்டீரியம் ஆகியவை அடுத்து வரும். கடலில் மிக அதிகமாக உள்ள ஒரு பாக்டீரியாவின் நன்னீர்ப் பங்காளியும் உண்டு. இவற்றில் பல மிகச் சிறியவை, மரபணுத் தொகுதியைக் குறைத்துக்கொண்டவை, லிட்டருக்குச் சில மில்லிகிராம் மட்டுமே கரைந்திருக்கும் கரிமப் பொருளில் காலம் தள்ளப் பழகியவை.

பீப்பாயில் வருபவை வேறு ரகம். பாசில்லஸ், லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், சில ஒளிச்சேர்க்கை பாக்டீரியா: தொழிற்சாலைத் தொட்டியில் சர்க்கரையும் புரதமும் தாராளமாகக் கிடைக்கும்போது வேகமாகப் பெருகுபவை என்பதால்தான் அவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவற்றை ஏரியில் விடுவது, ஏற்கெனவே பயிர் மூடி நிற்கும் வயலில் வேறு ஊர் விதையைத் தூவுவது மாதிரி.

இதற்குப் பெரிய சோதனை எதுவும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. கழிவுநீர் கலக்கும் ஒவ்வோர் ஏரியிலும் அது தினமும் நடக்கிறது. மனிதக் குடல் பாக்டீரியா கணக்கில்லாமல் உள்ளே வருகிறது. அது அங்கே நிலைத்து ஏரியையே பிடித்துக்கொள்கிறதா? இல்லை. வெயில் கொல்கிறது, ஒற்றைச்செல் உயிரிகள் தின்கின்றன, உணவு போதாமல் மீதி மடிகிறது. வரத்தை நிறுத்தினால் திறந்த தண்ணீரில் அவற்றின் எண்ணிக்கை நாட்கணக்கில் சரிந்துவிடும். (சேற்றிலும் கரையோர இழைப்பாசியிலும் கொஞ்சம் அதிக நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், அது வேறு தலைவலி.) மலக் கோலிபார்ம் என்ற குடல் பாக்டீரியாவின் எண்ணிக்கையை அண்மைக் கழிவுநீர்க் கலப்பின் அடையாளமாக உங்கள் ஆய்வகங்கள் வைத்திருப்பதே, அவை ஏரியில் குடியேறுவதில்லை என்பதால்தான். கெட்டது நிலைக்காத இடத்தில் நல்லது மட்டும் ஏன் நிலைக்கும் என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, யார் நிலைப்பார்கள் என்பதை எது முடிவு செய்கிறது?

நான் முதலிடம் தருவது, தண்ணீர் ஏரியில் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதற்கு. வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் தண்ணீர் சராசரியாக இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேல் தங்குகிறது. சுப்பீரியரில் சுமார் 190 ஆண்டுகள். டாஹோ ஏரியில் ஏறக்குறைய 650 ஆண்டுகள். சிறிய குளத்தில், மழைக்காலத்தில், சில நாட்களில்கூட முழுத் தண்ணீரும் மாறிவிடும். ஏரிப் பாக்டீரியா இரட்டிப்பாகப் பொதுவாக ஒரு நாளிலிருந்து சில நாட்கள் ஆகிறது. அதைவிட வேகமாகத் தண்ணீர் மாறினால், ஏரி தனக்கென்று ஒரு கூட்டத்தை வளர்க்க நேரமே கிடைக்காது. ஓடையும் வாய்க்காலும் கொண்டுவந்து கொட்டுவதே ஏரியின் கூட்டம். அங்கே நீங்கள் ஊற்றியதும் அடுத்த வெள்ளத்தோடு மதகு தாண்டிப் போய்விடும். தண்ணீர் நெடுநாள் தங்கினால் நிலைமை தலைகீழ். உள்ளே வந்தவற்றில் அந்த ஏரிக்குப் பொருந்தாதவை கழிந்து, பொருந்தியவை பெருகும். இரண்டு நிலையிலும் பீப்பாய்க்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள்.

அலாஸ்காவின் டூலிக் ஏரிப் பகுதியில் 2012-இல் வெளிவந்த ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மேட்டு நிலத்தின் மண் நீர், அதிலிருந்து கசியும் ஓடைகள், அவை சேரும் ஏரிகள் என்று மேலிருந்து கீழ்வரை மரபணுவைப் படித்தார்கள். ஏரியில் செழித்திருந்த வகைகளில் பல, மேலே மண்ணிலும் ஓடைத் தலைப்பிலும் அரிதாகவேனும் ஏற்கெனவே இருந்தன. அதாவது நிலம் தன் வடிநீரோடு சேர்த்து நுண்ணுயிர் வித்துகளை ஓயாமல் ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஏரியின் நிலைமைக்கு ஏற்றவை அதிலிருந்து மேலே வருகின்றன. உங்கள் ஏரியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குறைவாக இருந்தால், அது உள்ளே வராததால் இல்லை. அது மெதுவாக வளரும், ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் எத்தனை பீப்பாய் ஊற்றினாலும் அது வேலை செய்யாது. ஆக்சிஜன் வந்துவிட்டால் ஊற்ற வேண்டிய அவசியம் இருக்காது.

நுண்ணுயிர் எங்கும் பரவியிருக்கிறது, சூழல்தான் தேர்ந்தெடுக்கிறது என்று டச்சு அறிவியலாளர் பாஸ் பெக்கிங் 1934-இல் எழுதினார். "எங்கும்" என்ற பகுதியில் இன்று பல திருத்தங்கள் உண்டு. தேர்ந்தெடுப்பது சூழல் என்ற பகுதி உறுதியாகவே நிற்கிறது. உலகம் முழுவதும் உள்ள வாழிடங்களை ஒப்பிட்ட 2007-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பாக்டீரியாக் கூட்டங்களைப் பிரிக்கும் மிகப் பெரிய கோடு உப்புத்தன்மை என்று தெரிந்தது. வெப்பநிலையைக்கூட அது பின்னுக்குத் தள்ளியது. நன்னீருக்குள் வந்துவிட்டால் அமில-காரத்தன்மை (பிஎச்) முன்னுக்கு வருகிறது. வடக்கு ஐரோப்பிய ஏரிகளில் செய்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு பிஎச், வெப்பநிலை, நீர் தங்கும் காலம் மூன்றையும் சேர்த்துச் சுட்டியது. பழுப்பு நிறத்தில், மட்கிய இலைச்சாறு கலந்த அமில ஏரிகளில் பாலிநியூக்ளியோபாக்டர் கோலோச்சும். வெயில் அந்தச் சாற்றை உடைத்துத் தரும் சிறு மூலக்கூறுகள் அதற்கு உணவாகின்றன. நடுநிலையிலோ சற்றுக் காரமாகவோ இருக்கும், பாசி வளரும் ஏரிகளில் லிம்னோஹாபிட்டன்ஸ் தலையெடுக்கும். இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் குடித்தனம் வேறு.

வெப்பநிலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது வளர்ச்சி வேகத்தை மாற்றும், பருவத்துக்குப் பருவம் கூட்டத்தைக் கலைத்து அடுக்கும். அதைவிட முக்கியமானது, வெப்பநிலை தண்ணீரையே மாடிகளாகப் பிரித்துவிடுவது.

வெயில் காலத்தில் மேல் தண்ணீர் சூடாகி லேசாகிறது. கீழே குளிர்ந்த, கனமான தண்ணீர் தனியாகத் தங்கிவிடுகிறது. இடையில் ஒரு மெல்லிய எல்லை. சாதாரணக் காற்றுக்கு இரண்டும் கலப்பதில்லை. மேலே வெளிச்சமும் ஆக்சிஜனும் உண்டு. செத்த பாசியும் கழிவும் கீழே இறங்கி அழுக, அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்புறம் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைச் சுவாசிப்பவை, இரும்பைச் சுவாசிப்பவை, சல்பேட்டைச் சுவாசித்து அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்புபவை என்று முறை மாறி முறை மாறி ஆட்கள் வருகிறார்கள். சேற்றில் மீத்தேன் உண்டாகிறது (அதைச் செய்பவை ஆர்க்கியா என்ற தனிப் பிரிவு). ஆக்சிஜன் முடியும் எல்லையில் அந்த மீத்தேனைத் தின்னும் பாக்டீரியா காத்திருக்கும். சுவிட்சர்லாந்தின் கடாக்னோ ஏரியில் மேலும் கீழும் என்றுமே முழுதாகக் கலப்பதில்லை. அங்கே 12 மீட்டர் ஆழத்துக்கு அருகே ஊதாக் கந்தக பாக்டீரியா தண்ணீரையே இளஞ்சிவப்பாக்கும் அளவுக்கு அடர்ந்திருக்கிறது. அதற்குக் கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும், ஹைட்ரஜன் சல்பைடும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அந்த ஒரு பட்டையில் மட்டும்.

இவ்வளவு வேறுபாடுள்ள ஒரு தண்ணீரைத்தான் உங்கள் கண்காணிப்புத் திட்டங்கள் கரையில் நின்று ஒரு பாட்டிலில் முகந்து, எப்போதாவது ஒரு முறை, பகலில், மேற்பரப்பில் மட்டும் அளக்கின்றன. அந்த ஒரு பாட்டில் ஏரியைப் பற்றி அதிகம் சொல்லாது. உருண்டை போட்ட வாரத்தில் மழை பெய்தாலும் அளவு மாறும், பலத்த காற்று அடித்து அடுக்கு கலைந்தாலும் மாறும், மேகம் மூடினாலும் மாறும். எந்த மாற்றத்துக்கும் உருண்டைக்காரர் உரிமை கொண்டாடலாம்.

அடுக்கை வெளியிலிருந்து கலைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு சிறு சதுப்பு ஏரியை 2008 கோடையில் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே முழுதாகக் கலக்கினார்கள். மேல், கீழ் என்று பிரிந்திருந்த பாக்டீரியாக் கூட்டங்கள் குழம்பின. கலக்குவதை நிறுத்தியதும் அடுக்கு திரும்பியது. இரண்டு வாரத்துக்குள் மேல் கூட்டம் மேலேயும் கீழ்க் கூட்டம் கீழேயும் பழையபடி வந்து சேர்ந்தன. முழு ஏரியையும் புரட்டிப்போட்டே பழைய நிலை அவ்வளவு சீக்கிரம் திரும்பியது என்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு அந்நிய உயிரணுவின் கதி என்ன என்று நீங்களே ஊகிக்கலாம். சூழல் நிலைமை மாறாமல் கூட்டம் மாறாது. மாறினாலும் தங்காது.

நீலப்பச்சைப் பாசிக்கு வருகிறேன். உங்களுக்கு மனு கொடுக்கும் மக்களின் புகார் பெரும்பாலும் இதைப் பற்றித்தான். பாசி என்று பழக்கத்தில் சொன்னாலும் அதுவும் பாக்டீரியாதான். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பெருகிய மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்ததால், அமெரிக்காவின் டொலீடோ நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுமார் மூன்று நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. இந்தப் பாசியின் கடிவாளம் பெரும்பாலும் பாஸ்பரஸ் என்ற ஊட்டச்சத்தின் கையில் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரியியலாளரின் குழு 226 என்று எண்ணிட்ட ஏரியை ஒரு திரையால் இரண்டாகத் தடுத்தது. ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும் மட்டும். மறு பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போன பாதி பச்சையாக மூடியது, மற்றது தெளிவாகவே இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே ஏரி, ஒரே பாக்டீரியா வித்து.

அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகிலுள்ள வாஷிங்டன் ஏரியில் நடந்தது உங்களுக்கு இன்னும் பொருத்தமான முன்னுதாரணம். 1955-இல் அங்கே இழை வடிவ நீலப்பச்சைப் பாசி தலைகாட்டியது. எட்மண்ட்சன் என்ற ஏரியியலாளர் காரணம் கழிவுநீரின் பாஸ்பரஸ் என்று காட்டினார். 1963-இல் தொடங்கி 1968-க்குள் ஏரியில் விழுந்த சுத்திகரிப்புக் கழிவுநீர் முழுவதும் வேறு பக்கம் திருப்பப்பட்டது. அதன் பிறகு தண்ணீர் தெளிந்தது. 1976 வாக்கில் அந்தப் பாசி மறைந்து, தண்ணீரை வடிகட்டித் தின்னும் டாஃப்னியா என்ற சிறு உயிரி பெருகியது. யாரும் எதையும் ஊற்றவில்லை.

எல்லா ஏரியும் இவ்வளவு சீக்கிரம் தேறுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சேற்றில் பல ஆண்டுகளாக இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ், அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் கழன்று மேலே வருகிறது. வாய்க்காலை அடைத்த பிறகும் ஏரி தன் பழைய கடனைத் தானே திருப்பித் தின்றுகொண்டிருக்கும். 35 ஏரிகளின் மீட்சியைத் தொகுத்துப் பார்த்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், வெளி வரத்து குறைந்த பின் பாஸ்பரஸ் புதிய நிலைக்கு வந்து அமையப் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள் பிடித்தன. இந்த எண் நிதியாண்டுக் கணக்குக்குள் அடங்காது என்பது தெரியும். மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பவருக்கு உங்களிடம் மதிப்புக் கிடைப்பதும் அதனால்தான்.

கீழிருந்து கிடைக்கும் உணவு ஒரு பக்கம் என்றால், மேலிருந்து தின்பவர்களின் கை இன்னொரு பக்கம். திட்ட அறிக்கைகளில் இது வருவதே இல்லை. கசையிழை கொண்ட ஒற்றைச்செல் உயிரிகள் நடுத்தர அளவுள்ள பாக்டீரியாவைப் பொறுக்கித் தின்கின்றன. மிகச் சிறியவை அவற்றின் வாய்க்குச் சிக்குவதில்லை, நீண்ட இழையாக வளர்பவையும் தப்பிவிடும். தின்னும் அழுத்தம் கூடும்போது கூட்டத்தின் உருவமே மாறிப்போகும். ஆக்டினோபாக்டீரியா இத்தனை ஏரிகளில் முன்னணியில் இருப்பதற்கு அதன் சிறிய உடல் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. பீப்பாய் பாக்டீரியா, ஐயோ பாவம், சரியாகத் தின்னத் தோதான அளவு. டாஃப்னியா அந்த ஒற்றைச்செல் உயிரிகளையும் தின்னும், பாக்டீரியாவையும் வாரும். டாஃப்னியாவைச் சிறு மீன்கள் தின்கின்றன. ஆகவே ஏரியில் எந்த மீனை விடுகிறீர்கள் என்பதும் பாக்டீரியாவரை எட்டும். போதாக்குறைக்கு வைரஸ். தண்ணீரில் பாக்டீரியாவைவிட அவை சாதாரணமாகப் பத்து மடங்கு இருக்கும், ஒவ்வொன்றும் தனக்கேற்ற வகையைத் தேடும். ஒரு வகை அளவுக்கு மீறிப் பெருகினால் அதைத் தாக்கும் வைரஸும் பெருகி அதைத் தட்டிக் கீழே இறக்கும்.

இனி உருண்டைக்கு நேரான சோதனை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், நுண்ணுயிர் சேர்த்த மண்ணுருண்டைகள் நீலப்பச்சைப் பாசியைக் குறைக்கின்றனவா என்று கட்டுப்பாட்டோடு பார்த்தார்கள். லிட்டருக்கு 1 கிராம் வரை போட்டும் பாசி, உருண்டை போடாத தண்ணீரில் வளர்ந்தது போலவே வளர்ந்தது. ஏரித் தண்ணீர் நிறைத்த 25 லிட்டர் கொள்கலன்களில் உருண்டைத் துண்டைப் போட்டபோது, நான்கு வாரம் கழித்து, உருண்டை போடாத கொள்கலன்களைவிட இவற்றில் பாசி அதிகமாக இருந்தது. லிட்டருக்கு 5, 10 கிராம் என்று பரிந்துரையைப் பல மடங்கு தாண்டிக் கொட்டியபோதுதான் வளர்ச்சி அடங்கியது. அதற்கும் காரணம் களிமண் கலங்கி வெளிச்சத்தை மறைத்தது என்றே அவர்கள் கருதினார்கள். அந்த அளவில் முதலில் ஆக்சிஜனும் பாதாளத்துக்குப் போனது, அது மீனுக்கு ஆபத்து. உருண்டை பாஸ்பரஸை நிரந்தரமாகப் பிடித்து வைப்பதில்லை, வெளியேற்றுவதுமில்லை. தன் பங்குக்கு ஊட்டத்தையும் சேர்க்கலாம் என்பது அவர்கள் முடிவு.

நுண்ணுயிரை வேலைக்கு வைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் அதுதான் நடக்கிறது. ஆனால் அங்கே காற்று இடைவிடாமல் செலுத்தப்படுகிறது, வேலை செய்யும் சேறு வெளியே போய்விடாமல் திரும்பத் திரும்பத் தொட்டிக்குள் அனுப்பப்படுகிறது, தண்ணீர் தங்கும் நேரம் மணிக்கணக்கில் அளந்து வைக்கப்படுகிறது. அந்த நிலைமைகளை உருவாக்குகிறவர்களுக்கு வேண்டிய பாக்டீரியா தானாகவே அமைகிறது. உங்களிடம் நுண்ணுயிருக்கென்று நிதி இருந்தால், ஏரிக்குள் நுழையும் இடத்தில் அப்படி ஒரு நிலையத்துக்கோ, அதற்கு இடமில்லாவிட்டால் நாணல் வளர்த்த ஈர நிலத்துக்கோ செலவிடுங்கள்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். எந்த நுண்ணுயிர்த் திட்டத்துக்கும் ஒப்புதல் தரும் முன், அந்த ஏரிக்கு ஓர் ஆண்டு அளவீடு இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். வரும் தண்ணீர், போகும் தண்ணீர், தங்கும் காலம். ஏரியின் மிக ஆழமான இடத்தில், மேலிருந்து சேறுவரை மீட்டருக்கு ஓர் அளவாக வெப்பநிலை, ஆக்சிஜன், பிஎச். விடியலுக்கு முன்னும் ஒரு முறை அளக்க வேண்டும், ஏனென்றால் ஆக்சிஜன் மிகத் தாழ்வது அந்த நேரத்தில்தான். வரத்திலும் சேற்றிலும் பாஸ்பரஸ். இவற்றுக்கு எளிய கருவிகள் போதும். பாக்டீரியாக் கூட்டத்தையே பார்க்க விரும்பினால் வடிதாளில் பிடித்து மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அது இன்று அபூர்வமான வேலை இல்லை. ஊற்றிய வகை ஒரு மாதம் கழித்து ஏரியில் இருக்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் மீறி யாராவது தன் கலவை வேலை செய்யும் என்று உறுதியாகச் சொன்னால், ஏரியில் ஒரு மூலையைத் திரை கட்டி அடிவரை தடுத்துக் கொடுங்கள். பக்கத்தில் அதே அளவில் இன்னும் சில அடைப்புகள். சிலவற்றில் அவர் கலவை, சிலவற்றில் கொதிக்க வைத்துக் கொன்ற அதே கலவை, சிலவற்றில் எதுவுமே வேண்டாம். அளப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும், எதில் எது போனது என்று அவருக்குத் தெரியக் கூடாது. முழு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் போகட்டும். அளவீடுகளை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அப்படியே வெளியிடுங்கள். இந்த நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதி வையுங்கள், தொகையில் பாதியை முடிவு வந்த பிறகுதான் தருவோம் என்றும் சேர்த்து.

அன்புடன்,
ஏரி நுண்ணுயிர்களைப் படிக்கும் ஒருவர்